போலி

சொல் ஒன்றைப் பொறுப்பில்லாமல் வீசிவிட்டுப் பிறகு அதன் பின்னால் ஓடிப் பொறுக்கிக்கொண்டு வருவது நமக்குப் புதிதல்ல. தமிழ் கற்பித்துப் பிழைப்பவர் என்பதால் சொல்லின் மீது நமக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு என்றொரு நினைப்பு உள்ளூர இருந்துகொண்டே இருக்கிறது. அந்த நினைப்பு ஒரு மாலை நேரத்தில் நம்மைத் தலைகுனிய வைத்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை. இடையிடையே அணுக்களைப் பற்றியும் ஒளியால் ஆன குழிகளைப் பற்றியும் பேச நேரும். இலக்கிய நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அவற்றைச் சொல்லாமல் நம் தவற்றைச் சொல்ல வழியில்லை.

நாம் பணிபுரியும் கல்லூரியில் தமிழ் மன்றம் என்று ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு மாலை, பிறதுறை ஆசிரியர் ஒருவரை அழைத்துத் தம் துறையைப் பற்றித் தமிழில் பேசச் சொல்வது வழக்கம். அந்த மாதம் இயற்பியல் துறையின் மூத்த பேராசிரியர் வந்திருந்தார். ஓய்வுபெற ஓராண்டு கூட இல்லை. அதிகம் பேசாதவர். பதினைந்து ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் அறையில் அவரோடு தேநீர் குடித்திருக்கிறோம் என்பதைத் தவிர, அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பெயர் வேண்டாம், நண்பர் என்றே குறிப்பிடுவோம்.

மீக்குளிர் அணுக்களைக் கொண்டு அளவைக் கோட்பாடுகளைப் போலச்செய்து பார்த்தல் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். இயற்பியல் மாணவர்கள் 'கேஜ் தியரி' என்று சொல்வதைத்தான் அளவைக் கோட்பாடு என்றார். 'சிமுலேஷன்' என்பதற்குத் தமிழ் கேட்டு முந்தைய வாரம் நம்மிடம் வந்தவரும் அவரே. 'போலச்செய்தல்' என்று நடந்துகொண்டே சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

நாற்பது நிமிடம் பேசினார். லேசர் ஒளியில் சிக்கவைத்த சில அணுக்களை, மின்புலமும் துகள்களும் கட்டுப்படுகிற அதே விதிகளுக்குக் கட்டுப்படும்படி செய்கிறார்கள். பிறகு அவை என்ன செய்கின்றன என்று பார்க்கிறார்கள். காகிதத்திலும் கணினியிலும் தீராத கணக்குகளுக்கு அங்கே விடை தேடுகிறார்கள். இவ்வளவுதான் நமக்கு அன்று விளங்கியது. அவர் முகத்தில் நாம் அதுவரை காணாத ஒரு துடிப்பு இருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து பேசினார்.

அப்போது நாம் எழுந்தோம். ஐயம் கேட்பவர் போல எழுந்தாலும், கைதட்டல் வாங்கத்தான் எழுந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. "சார், அந்த அணுக்கள் குவார்க்கும் இல்லை, எலெக்ட்ரானும் இல்லை. அவற்றைப் போல நடிக்கின்றன. நடிப்பைப் பார்த்துவிட்டு உண்மையைக் கண்டோம் என்று சொன்னால் எப்படி? இதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. போலி."

அரங்கம் சிரித்தது. பின்வரிசை மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். நண்பர் சிறிது நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருக்கலாம் ஐயா" என்று மட்டும் சொல்லி மடிக்கணினியை மூடினார். இன்னும் மூன்று படங்கள் காட்ட இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

*

மறுநாள் முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்பு. பாடம் முடிந்து வெளியே வரும்போது இயற்பியல் மாணவி ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"ஐயா, போன வாரம் நன்னூல் நடத்தினப்போ, போலின்னா தப்பு இல்லைன்னு சொன்னீங்க. ஒரு எழுத்து நிக்க வேண்டிய இடத்துல இன்னொரு எழுத்து வந்து நின்னாலும் பொருள் மாறாதுன்னு. நேத்து சார் சொன்னதும் அதுதானே? அப்புறம் ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?"

நம்மிடம் விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டோம்.

இலக்கணம் மறந்தவர்களுக்காக ஒரு வரி. 'அறம்' என்பது 'அறன்' என்று வரும். இறுதி எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. 'பந்தல்' 'பந்தர்' ஆகும். 'மயல்' 'மையல்' ஆகும். 'ஐந்து' 'அஞ்சு' ஆகும். இவற்றையெல்லாம் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி, முற்றுப்போலி என்று வகுத்து வைத்திருக்கிறோம். இவற்றில் எங்கும் ஏமாற்று இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்று, காக்க வேண்டிய பொருளைக் காக்கிறது. இருபதாண்டுக் காலமாக இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நாம், அரங்கத்தில் எழுந்து நின்றபோது கள்ளக் காசு, கலப்பட எண்ணெய் என்ற பொருளில்தான் அச்சொல்லை எடுத்தோம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு நினைவிருந்த இலக்கணம் நமக்கு நினைவில்லை.

அன்று மாலை இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனோம். நண்பர் தனியாக இருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனோம், வாய் வரவில்லை. "சார், மிச்சம் மூன்று படம் இருந்ததாமே. நமக்காகக் காட்ட முடியுமா?" என்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு படம் காட்ட மூணு நிமிஷம் போதும். புரிய வைக்க மூணு வாரம் ஆகும். பரவாயில்லையா ஐயா?" என்றார்.

பரவாயில்லை என்றோம். மூன்று வாரத்துக்கு மேலேயே ஆனது.

*

முதல் நாள் அவர் அணுவைப் பற்றிப் பேசவில்லை. நெல்லைப் பற்றிப் பேசினார். நம் பாட்டனார் நெல் வியாபாரம் செய்தவர் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் மரக்கால் வேறதானே ஐயா?" என்று தொடங்கினார். உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளந்ததாக வருகிறது. அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். இன்ன மரக்கால் என்று சொல்லாவிட்டால் அளவுக்குப் பொருள் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

"சரி. ஒவ்வொரு ஊரும் தன் மரக்காலைத் தன் இஷ்டப்படி மாத்திக்கலாம்னு வைங்க. நெல்லு மாறுமா? மாறாது. ஆனா இந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவுல ஒரு குறிப்பு வேணும். இந்த ஊர் மரக்கால் ஒண்ணுக்கு அந்த ஊர் மரக்கால் எத்தனைன்னு. ஒரு ஊர் மரக்காலை மாத்தினா, அந்த ஊருக்கு வர்ற சாலைகள்ல இருக்கிற குறிப்பெல்லாம் ஈடுகட்டி மாறணும். ஊர்ல இருக்கிறது பருப்பொருள். சாலையில இருக்கிற குறிப்புதான் புலம். அளவைக் கோட்பாடுன்னா இதுதான் ஐயா."

இதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான்கு ஊர்களைச் சுற்றி, சாலைக் குறிப்புகளின்படி கணக்கை மாற்றி மாற்றிப் போய்த் தொடங்கிய ஊருக்கே திரும்பினால், தொடங்கிய கணக்கே வர வேண்டும். வராவிட்டால் அந்த வேறுபாடு எந்த ஊர் மரக்காலையும் சார்ந்ததல்ல; யார் எந்த மரக்காலை மாற்றினாலும் அது அப்படியே நிற்கும். அதுவே புலத்தின் வலிமை. மரக்கால்கள் நம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. சுற்றி வந்தபின் மிஞ்சுகிற வேறுபாடு இயற்கைக்குச் சொந்தமானது.

1918ஆம் ஆண்டில் ஹெர்மன் வெய்ல் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் இந்த எண்ணத்தை முன்வைத்தபோது, நீளத்தின் அளவே இடத்துக்கு இடம் மாறலாம் என்றுதான் கருதினார். அவர் ஜெர்மன் மொழியில் கையாண்ட சொல், அளவுக்கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிடும் தொழிலைக் குறிப்பது. ஐன்ஸ்டைன் அதை ஏற்கவில்லை. அப்படியானால் அணு உமிழும் ஒளியின் நிறம் அந்த அணு கடந்துவந்த பாதையைப் பொறுத்து மாற வேண்டும். அப்படி மாறுவதில்லையே என்றார். 1929இல் வெய்ல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளத்தக்கது நீளம் அன்று, எலெக்ட்ரான் அலையின் கட்டம் என்றார். அப்போது மின்காந்தவியல் முழுதும் அதற்குள் வந்து பொருந்தியது. 1954இல் யாங், மில்ஸ் என்னும் இருவர் இதை மேலும் விரித்தார்கள். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் விசையும் இவ்வகைக் கோட்பாடுதான் என்பது பின்னால் தெளிந்தது.

நாம் குறுக்கிட்டோம். "எழுத்து மாறினாலும் பொருள் மாறாதது போல, மரக்கால் மாறினாலும் நெல் மாறாது. அப்படியானால் உங்கள் கோட்பாட்டின் அடியிலேயே போலி இருக்கிறதே சார்?"

நண்பர் முதல் முறையாகச் சிரித்தார். "அந்தப் போலியைத்தான் நான் மூணு வருஷம் கணக்குப் போட்டேன்" என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

*

அந்த மூன்று வருடக் கதையை ஒரு வாரம் கழித்துச் சொன்னார்.

1974இல் கென்னத் வில்சன் ஒரு வழி கண்டார். வெளியைத் தொடர்ச்சியான ஒன்றாக வைக்காமல் கட்டம்போட்ட தாள்போல ஆக்கி, புள்ளிகளில் பருப்பொருளையும் புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் புலத்தையும் வைத்தார். ஊரும் சாலையும்தான். குவார்க்குகள் ஏன் ஒருபோதும் தனியாக வெளிவருவதில்லை என்பதை ஆராய இதுவே பெருவழி ஆனது. கணினிகள் வளர வளர இந்தக் கட்டத்தாள் கணக்கும் வளர்ந்தது. புரோட்டானின் எடையில் குவார்க்குகளின் சொந்த எடை நூற்றில் ஒரு பங்கு அளவே. மிச்சம் முழுதும் அவற்றின் இயக்கமும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் புலமும் கொண்ட ஆற்றல். அந்த எடையை முதற்கொள்கைகளிலிருந்தே கணக்கிட்டு, 2008இல் ஐரோப்பியக் குழு ஒன்று சில விழுக்காட்டுத் துல்லியத்துக்குள் கொண்டுவந்தது.

நண்பர் ஆய்வு மாணவராக இருந்தது அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு. பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் இரவில்தான் அவருக்கு நேரம் கிடைக்குமாம். சிறிய கட்டம், எளிய புலம். இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் தாளை எடுத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போவாராம். மூன்றாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கில் முடிவுகளை வாசித்தார். வந்திருந்த வல்லுநர் ஒருவர், "இது பொம்மைக் கணக்கு. இதற்கும் இயற்கைக்கும் என்ன தொடர்பு?" என்றார். அரங்கம் சிரித்தது. அதே மாதம் அவருடைய தந்தையார் படுக்கையில் விழுந்தார். தங்கைகள் இருவர். ஆய்வை விட்டுவிட்டு, கிடைத்த கல்லூரி வேலையில் சேர்ந்தார்.

"நீங்க போலின்னு சொன்னப்போ, திரும்ப அந்த ரூம்லேயே நிக்கிற மாதிரி இருந்தது ஐயா" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல். அதனால்தான் தாங்க முடியவில்லை. கேட்க வந்த மன்னிப்பை அப்போதுதான் கேட்டோம். அவர் மேசை மேல் இருந்த வில்லை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வாங்க. அணுவை எப்படிக் குளிர வைக்கிறாங்கன்னு சொல்றேன்" என்றார்.

*

கணினி எவ்வளவு பெரிதானாலும் சில கேள்விகளுக்கு முன் நின்றுவிடுகிறது. கட்டத்தாள் கணக்கு, எண்ணற்ற நிலைமைகளிலிருந்து சிலவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துச் சராசரி காண்பது. ஒவ்வொரு நிலைமைக்கும் உரிய எடை நேர்எண்ணாக இருக்கும்வரை இது செல்லும். ஆனால் புலம் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்றோ, நியூட்ரான் விண்மீனின் உள்ளே போன்ற அடர்த்தியில் பருப்பொருள் எப்படி இருக்கும் என்றோ கேட்டால், கூட்டலும் கழித்தலுமான எடைகள் வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கோடிக்கணக்கில் வரவும் கோடிக்கணக்கில் செலவும் எழுதிய பேரேட்டில் கடைசியாக மிஞ்சும் ஐந்து காசைத் தேடுவது போன்றது அது. அமைப்பு சற்றுப் பெரிதானாலும் வேலை மடங்கு மடங்காகப் பெருகும். இதற்குப் பொதுவான குறுக்குவழி கிடைப்பது அரிது என்று டிராயரும் வீஸாவும் 2005இல் காட்டினார்கள்.

1981இல் ரிச்சர்ட் ஃபைன்மேன் ஓர் உரையில் வேறு வழி சொல்லியிருந்தார். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால், அதைப் போலச்செய்யும் கருவியும் குவாண்டம் விதிப்படி நடப்பதாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். எண்களை வைத்துக் கணக்கிடுவதற்குப் பதிலாக, நம் பிடியில் இருக்கும் ஓர் இயற்கையைக் கொண்டு நம் பிடியில் இல்லாத இயற்கையை நடத்திப் பார்ப்பது.

பிடியில் இருக்கும் இயற்கைக்கு அணுக்களை அடக்க வேண்டும். 1924இல் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் ஒரு கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த கருத்து, போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் ஒரே நிலையில் ஒன்றாகக் குவியும் என்பது. அது கண்ணுக்குத் தெரிய 71 ஆண்டுகள் ஆயின. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ருபீடியம் அணுக்களில் அதைக் கண்டார்கள். வெப்பநிலை, தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினை ஒரு கோடிப் பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு கூட இல்லை. லேசர் ஒளியால் எதிர்த்துத் தள்ளி வேகம் குறைத்து, பிறகு மிச்சமிருந்தவற்றில் சூடானவற்றை ஆவியாக்கி விரட்டி அடைந்த குளிர் அது.

குளிர்ந்த அணுக்களை எதில் வைப்பது? எதிரெதிரே லேசர் கற்றைகளைச் செலுத்தினால் ஒளி அலைகள் பின்னி நிலையான மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. "பணியாரக் கல்லு ஐயா" என்றார் நண்பர். "குழிக்குக் குழி ஒரு மைக்ரோமீட்டர் கூட இல்லை. கல்லு இரும்பு இல்லை, வெறும் வெளிச்சம்." குழியின் ஆழத்தை நினைத்தபடி மாற்றலாம், அணு ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை அதனால் கூட்டலாம், குறைக்கலாம். 2002இல் மியூனிக் நகரில் கிரைனர், ப்ளாக் குழுவினர் இந்தக் கல்லில் அணுக்கள் எங்கும் பரவி நிற்கும் நிலையிலிருந்து குழிக்கு ஒன்றாய் உறைந்து நிற்கும் நிலைக்கு மாறுவதைக் காட்டினார்கள்.

இனி, அன்று காட்டாமல் போன மூன்று படங்கள்.

முதல் படம் 2016. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நான்கு கால்சியம் அயனிகளை வைத்து, வெற்றிடத்திலிருந்து துகளும் எதிர்த்துகளும் இணையாகப் பிறப்பதைப் போலச்செய்தார்கள். ஒற்றைப் பரிமாணத்தில் ஷ்விங்கர் 1962இல் அமைத்த மாதிரிதான் அதன் மூலம். நான்கே அயனிகள். இவை அணு அல்ல, மின்னேற்றம் பெற்றவை. ஆனாலும் வாசல் அங்கேதான் திறந்தது.

இரண்டாம் படம் 2020. சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் 71 குழிகள் கொண்ட வரிசையில் ருபீடியம் அணுக்களை வைத்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு குழி ஊர். இடைப்பட்ட குழி சாலை. ஊர்க்குழியில் ஓர் அணு இருந்தால் அது துகள். அடுத்தடுத்த இரண்டு ஊர்க்குழிகளின் அணுக்கள் ஒரே சமயத்தில் நடுவிலுள்ள சாலைக்குழிக்குள் இறங்கினால், துகளும் எதிர்த்துகளும் ஒன்றையொன்று அழித்து மின்புலம் திசை மாறியதாகப் பொருள். ஓர் அணு மட்டும் தனியே இறங்க முடியாதபடி குழிகளின் ஆற்றலை ஏற்ற இறக்கமாக அமைத்துவிட்டார்கள். அப்படி ஒன்று தனியே இறங்கினால் கணக்கு பிசகும். ஒவ்வோர் ஊரிலும் வரும் புலத்துக்கும் போகும் புலத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கிருக்கும் மின்னேற்றத்துக்குச் சமமாக வேண்டும் என்பது காஸ் விதி. அந்த விதி வரிசை நெடுகிலும் காக்கப்படுகிறதா என்பதைத்தான் அவர்கள் முதலில் அளந்து காட்டினார்கள். 2022இல் அதே வழியில் வந்த மற்றோர் ஆய்வு, வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து புறப்பட்ட அமைப்பு, ஆற்றல் சமமாக இருந்தால், தொடக்கத்தை மறந்து ஒரே சமநிலைக்கு வருவதைக் காட்டியது.

மூன்றாம் படம் 2025. ஹார்வர்டு, இன்ஸ்ப்ரூக், குயூரா நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள், ஒளி இடுக்கிகளால் ருபீடியம் அணுக்களை இரு பரிமாணத்தில் அடுக்கி, இழை அறுவதைக் கண்டார்கள். இரண்டு மின்னேற்றங்களைப் பிரித்து இழுத்தால் நடுவில் உள்ள புலம் ஓர் இழைபோல நீள்கிறது. நீள நீள ஆற்றல் ஏறுகிறது. ஓர் எல்லையில் இழை அறுந்து, அறுந்த முனைகளில் புதிய துகளும் எதிர்த்துகளும் பிறக்கின்றன. குவார்க் ஏன் தனியே கிடைப்பதில்லை என்பதன் எளிய வடிவம் இது. பிரிக்க இழுத்த கைக்குக் கிடைப்பது தனித்த ஒன்றல்ல, மற்றுமோர் இணை.

*

நாம் விடவில்லை, ஆனால் இம்முறை கைதட்டலுக்காகக் கேட்கவில்லை. "எல்லாம் சரி சார். இது எலெக்ட்ரான் செய்வதுதான் என்று எப்படி நம்புவது?"

நண்பர் நிதானமாகச் சொன்னார். சிறிய அமைப்புகளை வழக்கமான கணினியிலும் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். பொருந்துகிறது என்று கண்டபின்தான் பெரிதாக்குகிறார்கள். காஸ் விதி எத்தனை இடங்களில் மீறப்பட்டது என்பதை ஆய்வுக்குள்ளேயே அளந்து எழுதிவிடுகிறார்கள். ஒரே கோட்பாட்டை அயனியிலும் அணுவிலும் வேறு கருவிகளிலும் செய்து பார்க்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், இதுவரை நடந்தவை எளிய புலங்கள், ஒன்று அல்லது இரண்டு பரிமாணங்கள். குவார்க்குகளின் முழுக் கோட்பாடும், மூன்று பரிமாணமும் இன்னும் தொலைவில்தான் இருக்கின்றன. "நான் அன்னைக்குக் கடைசியா சொல்ல வந்தது அதைத்தான்" என்றார். தம் பேச்சின் வரம்பைத் தாமே சொல்லி முடிக்க இருந்தவரைத்தான் நாம் இடையில் நிறுத்தியிருக்கிறோம்.

கள்ளக் காசு தன்னைக் கள்ளம் என்று சொல்வதில்லை, சொன்னால் செல்லாது. இந்த அணுக்களோ, நாங்கள் குவார்க் அல்ல என்று முதல் வரியிலேயே அறிவித்துவிட்டு, எங்கெங்கே பிசகினோம் என்ற கணக்கையும் உடன் வைக்கின்றன. இது நன்னூலார் சொன்ன போலிக்கு அருகில் நிற்கிறதே தவிர, அரங்கத்தில் நாம் வீசிய போலிக்கு அருகில் இல்லை.

தொல்காப்பியம் உவமைக்கு நான்கு அடிப்படைகள் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. நாமும் நம் மாணவர்களும் பெரும்பாலும் மெய்யிலும் உருவிலும் நின்றுவிடுகிறோம். முகம் நிலவு போன்றது என்றால் வட்டத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டுத் தேர்வுத்தாளை மூடிவிடுகிறோம். ருபீடியம் அணு குவார்க்கைப் போல இல்லை; எலெக்ட்ரானைப் போலவும் இல்லை. மெய்யும் வேறு, உருவும் வேறு. வினை மட்டும் ஒன்று. வினையுவமம் என்று அதற்கொரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டே, அதைக் கண் முன்னால் ஒருவர் காட்டியபோது அடையாளம் தெரியாமல் போயிற்று. இருபதாண்டு கற்பித்ததன் பயன் இதுதானா என்ற கேள்வி இன்னும் நமக்குள் இருக்கிறது. உவமை என்றால் உண்மைக்கு ஒரு படி கீழே என்று எப்போது நினைக்கத் தொடங்கினோம் என்பதும் தெரியவில்லை.

*

அடுத்த மாதம் தமிழ் மன்றத்தில் மறுபடியும் நண்பரையே அழைத்தோம். அவர் வர மறுத்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதான் ஐயா. அதுக்காக ஒரு கூட்டம் எதுக்கு?" என்றார். மாணவியைக் காரணம் காட்டித்தான் சம்மதிக்க வைத்தோம்.

கூட்டம் தொடங்கும் முன் நாம் எழுந்து, சென்ற முறை சொன்னது தவறு என்றோம். சொல் தவறல்ல, அதை எடுத்த பொருள் தவறு என்று விளக்கினோம். இம்முறை யாரும் மேசையைத் தட்டவில்லை. சிலருக்கு நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே நினைவில்லை. அவமதிப்பைச் சுமப்பவருக்கு முப்பத்தைந்து ஆண்டு நினைவிருக்கிறது; சிரித்தவர்களுக்கு ஒரு மாதம் கூட நிற்பதில்லை.

நண்பர் மூன்று படங்களையும் காட்டினார். முடிவில் அந்த மாணவி எழுந்தாள்.

"சார், மூணு பரிமாணத்துல குவார்க்கையே இப்படிப் பண்ணிப் பார்க்க எவ்வளவு நாளாகும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நான் அடுத்த மே மாசத்தோட போயிடுவேன். நீ பாரு."

மடிக்கணினியை மூடுவதற்கு முன் நம்மை ஒருமுறை பார்த்தார். இம்முறை படங்கள் எல்லாம் முடிந்திருந்தன.